கிருபையை மனிதன் மறுக்க முடியும்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியிலும் என் அணியிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"மனிதனை இரட்சிக்க வருகிற தேவ கிருபையை அவன் மறுக்க முடியுமா, முடியாதா?" என்பதே இன்று நடுவர் நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. முடியும் என்ற அணியின் சார்பில் நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை எடுத்துவைத்தார். பாவத்தினால் மரித்துக் கிடக்கிற மனிதன் கிருபைக்கு இணங்கவோ பிணங்கவோ சக்தியற்றவன், ஆகவே இரட்சிப்பில் அவனுடைய சித்தத்துக்கு வேலையே இல்லை என்பது முதலாவது. அப்படி ஒரு வேலை உண்டென்று சொன்னால், அந்த அளவுக்கு மனிதன் பெருமைபாராட்ட இடம் உண்டாகிவிடும் என்பது இரண்டாவது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் குயவனையும் களிமண்ணையும் காட்டி, மண்ணை விரும்பியபடி வனையக் குயவனுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி, பவுல் இந்தக் கேள்வியையே முடித்துவைத்துவிட்டார் என்பது மூன்றாவது. தேவனுடைய மகிமை எள்ளளவும் குறைந்துவிடக்கூடாது என்ற வைராக்கியத்திலிருந்து பிறந்த வாதங்கள் இவை. அந்த வைராக்கியம் எனக்கும் உண்டு. அதனாலேயே எதிர்த்துப் பேச எழுந்திருக்கிறேன்.

முதலில், எங்கள் அணியின் தலையில் கட்டப்பட்ட ஒரு பழியை நீக்கிவிட்டு மேலே செல்ல அனுமதி வேண்டுகிறேன். எதிரணித் தலைவர் எங்களைப் பெலேஜியஸின் வாரிசுகள் என்றார். பெலேஜியஸ் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் போதித்துவந்த துறவி, பிரிட்டனிலிருந்து வந்தவர். "நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பின்பு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்ற ஹிப்போவின் ஆயர் அகஸ்டினின் ஜெபத்தை ஒருவர் எடுத்துச் சொல்லக் கேட்டபோது, அது மனிதனின் பொறுப்பையே அழித்துவிடும் என்று அவர் கொதித்தார். தேவன் கட்டளையிட்டார் என்றால் அதைச் செய்யும் ஆற்றல் மனிதனின் இயல்பிலேயே இருக்கவேண்டும் என்பது அவருடைய போதனை. அந்தப் போதனையைக் கார்த்தேஜில் 418ல் கூடிய சங்கம் கண்டித்தது. 431ல் எபேசுவில் கூடிய பொதுச்சங்கம் அவருடைய தோழர் செலெஸ்டியஸின் கருத்துகளைத் தள்ளியது. 529ல் ஆரஞ்சு நகரில் ஆர்ல் ஆயர் செசாரியஸின் தலைமையில் கூடிய சங்கம், விசுவாசத்தின் வளர்ச்சி மட்டுமல்ல, விசுவாசிக்கவேண்டும் என்ற முதல் விருப்பமே கிருபையின் ஈவு என்று அறுதியிட்டுச் சொன்னது. அந்த முடிவுகள் யாவும் எங்களுக்கு உடன்பாடானவை.

நாங்கள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. எங்கள் அணிக்குச் சான்றாக நிற்கும் ஆவணங்களும் இதையே சொல்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547 ஜனவரியில் வெளியிட்ட நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஆணையின் முதல் விதியே, கிருபையின்றித் தன் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்பவனைத்தான் சபிக்கிறது. அதே ஆணையின் 4ஆம் விதி, தேவனால் தூண்டப்பட்ட மனித சித்தம் தான் விரும்பினாலும் மறுக்க முடியாது என்பவனைச் சபிக்கிறது. இந்த இரண்டு விதிகளும் ஒரே ஆணையில், ஒரே கையெழுத்தின்கீழ் இருக்கின்றன. சீர்திருத்த சபைகளின் பக்கம் வாருங்கள்: நெதர்லாந்தில் இறையியலாளர் யாக்கோபு ஆர்மீனியஸின் மாணவர்களும் நண்பர்களும் 1610ல் அரசிடம் அளித்த ஐந்து கூற்றுகளுள் மூன்றாவது, இரட்சிக்கும் விசுவாசத்தை மனிதன் தன்னிலிருந்தோ தன் சுயாதீன சித்தத்தின் வலிமையிலிருந்தோ பெறமுடியாது என்கிறது. நான்காவது, எல்லா நன்மைக்கும் கிருபையே தொடக்கம், தொடர்ச்சி, நிறைவு என்று அறிக்கையிட்டுவிட்டு, அந்தக் கிருபை எதிர்க்க முடியாதது அல்ல என்று ஒன்றை மட்டும் சேர்க்கிறது. நமக்குள் இருக்கும் வழக்கு அந்தக் கடைசிச் சொற்றொடரைப் பற்றியது மட்டுமே. மனிதன் தன் முயற்சியால் பரலோகத்தை எட்டுகிறான் என்ற கூற்றை யாராவது இந்த மேடையில் மறுத்துப் பேசினால், இங்கே ஒருவரும் சொல்லாததை அவர் மறுக்கிறார் என்று நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி வேதத்துக்கு வருகிறேன். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒருவன் ஓடிவருகிறான். இயேசுவுக்கு முன்பாக முழங்கால்படியிடுகிறான். நித்திய ஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறான். சுவிசேஷங்களில் எத்தனையோ பேர் சுகம் கேட்டு வந்தார்கள், அப்பம் கேட்டு வந்தார்கள், அடையாளம் கேட்டு வந்தார்கள். இவன் நித்திய ஜீவனையே கேட்டு வந்தான். கற்பனைகளைச் சிறுவயதுமுதல் கைக்கொண்டிருக்கிறேன் என்று அவன் சொன்னவுடன் மாற்கு ஒரு வாக்கியத்தை எழுதுகிறார்: "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து" பேசினார். இந்தச் சம்பவத்தை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பார்வையையும் அந்த அன்பையும் குறித்துவைத்தவர் மாற்கு மட்டுமே. அடுத்து அழைப்பு வருகிறது: உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்பற்றி வா. அவனோ மனமடிந்து, துக்கத்தோடே போய்விட்டான். இயேசு அவனைத் தடுக்கவில்லை, பின்னால் ஆள் அனுப்பவில்லை, நிபந்தனையைத் தளர்த்தவுமில்லை.

இந்த இடத்தில் எதிரணி என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். வெளியே காதில் விழுகிற அழைப்பு ஒன்று, உள்ளே இருதயத்தைத் திருப்புகிற அழைப்பு மற்றொன்று என்றும், அந்த வாலிபனுக்கு முதலாவது மட்டுமே கொடுக்கப்பட்டது என்றும் சொல்லும். அப்படியானால் அந்த வாக்கியத்தை என்ன செய்வது? அவனைத் தவறாமல் திருப்பக்கூடிய கிருபை தம் கையில் இருக்க, அதை அவனுக்குத் தராமல், தராவிட்டால் அவன் போய்விடுவான் என்றும் அறிந்து, அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று நாம் வாசிக்கவேண்டியிருக்கும். அன்பு என்று நாம் அறிந்த எதையும் அது ஒத்திருக்கவில்லை. இயேசு அன்புகூர்ந்தார், அந்த அன்பு மெய்யாகவே அவனை அழைத்தது, அவன் அந்த அன்பை மறுத்தான் என்று வாசித்தால்தான் அவன் துக்கத்துக்கும் ஒரு பொருள் இருக்கிறது. எதையும் உணராதவன் துக்கத்தோடே போகமாட்டான். அவனுக்குள் ஏதோ தொடப்பட்டிருக்கிறது. தொடப்பட்ட பின்பும் போனான்.

இது தனித்து நிற்கும் ஒரு சம்பவமா? எருசலேமைப் பார்த்து, கோழி தன் குஞ்சுகளைச் சிறகுகளின்கீழ் சேர்ப்பதுபோல உன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள எத்தனைதரமோ மனதாயிருந்தேன், "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்றார் ஆண்டவர். ஒரே வசனத்தில் அவருடைய மனதும் அவர்களுடைய மனதும் எதிரெதிரே நிற்கின்றன, அங்கே நிறைவேறாமற்போனது அவருடைய மனது. கல்லெறியுண்டு சாகும் முன்பு ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தாரைப் பார்த்து, "நீங்களும் பரிசுத்த ஆவிக்கு எப்பொழுதும் எதிர்த்து நிற்கிறீர்கள்" என்றான். ஆர்மீனியஸின் நண்பர்கள் தங்கள் நான்காம் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டியது இந்த வசனத்தைத்தான். எதிர்க்க முடியாத ஒன்றை எப்பொழுதும் எதிர்த்து நிற்கிறீர்கள் என்று ஒருவரைக் குற்றஞ்சாட்ட முடியாது.

மரித்தவன் எப்படி இணங்குவான் என்ற முதல் வாதத்துக்கு வருகிறேன். எபேசியர் 2ஆம் அதிகாரம் நம்மை அக்கிரமங்களினாலும் பாவங்களினாலும் மரித்தவர்கள் என்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேதத்தில் மரித்தவன் என்று அழைக்கப்பட்ட இன்னொருவன் இருக்கிறான். "என் குமாரனாகிய இவன் மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்" என்று தகப்பனே சொன்ன இளைய குமாரன் அவன். அவனைப்பற்றி இயேசு சொன்னது என்ன? பன்றிகள் தின்கிற தவிட்டுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புத்தி தெளிந்தது; நான் எழுந்து என் தகப்பனிடத்துக்குப் போவேன் என்றான்; எழுந்து போனான். தெளிவு வந்தது கிருபையினால் என்று நான் முழுமனதோடு சொல்வேன். தகப்பன் வீட்டு நினைவே அவனை இழுத்தது, அந்த வீட்டை அவன் கட்டவில்லை, தூரத்தில் வரும்போதே ஓடிவந்து கட்டித்தழுவியவரும் தகப்பனே. ஆனாலும் பன்றிகளுக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்க அவனால் முடியும் என்பதனால்தான் அந்தக் கதை நமக்கு மனந்திரும்புதலின் கதையாக இருக்கிறது. ஆக, மரித்தவன் என்ற சொல் தகப்பனைவிட்டுப் பிரிந்தவனைக் குறிக்கிறது. அந்தப் பிரிவிலிருந்து எழுப்பும் குரல் முதலில் தேவனிடமிருந்து வரவேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லை.

இதைத்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முன்செல்லும் கிருபை என்றார். மனிதன் தேவனை நோக்கித் திரும்புவதற்கு முன்பே தேவன் அவனை நோக்கி வந்துவிடுகிறார்; அவனுடைய மனச்சாட்சியை எழுப்புகிறார்; ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் அளவுக்கு அவனுடைய கட்டுண்ட சித்தத்தை அவிழ்க்கிறார். கீழைத் திருச்சபையும், அதாவது ஆர்த்தடாக்ஸ் சபையும், வேறு சொற்களில் இதையே நெடுங்காலமாகப் போதித்துவருகிறது. கான்ஸ்டான்டினோப்பிளின் தலைமை ஆயரான சிரில் லூக்காரிஸின் பெயரில் 1629ல், ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினின் சாயலுள்ள ஒரு விசுவாச அறிக்கை வெளிவந்தபோது, அதை எருசலேமில் 1672ல் கூடிய சங்கம் தள்ளிவிட்டு, முந்தி வரும் கிருபையையும் அதற்கு இணங்கும் மனித சித்தத்தையும் சேர்த்தே அறிக்கையிட்டது. ரோமாபுரியும் ஜெனீவாவும் மட்டுமே கிறிஸ்தவம் என்று எண்ணிப் பேசுகிற பழக்கம் இந்த விவாதத்தில் நெடுநாளாக உண்டு. கீழைத் திருச்சபையின் சாட்சியையும் நடுவர் தராசில் வைக்கவேண்டும்.

இரண்டாவது வாதமே எதிரணியின் வலிமையான வாதம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே கிருபை இருவருக்கு வருகிறது; ஒருவன் ஏற்கிறான், மற்றவன் தள்ளுகிறான். வித்தியாசத்தை உண்டாக்கியது யார்? கிருபை இருவருக்கும் ஒன்றே என்றால் வித்தியாசம் மனிதனிடமிருந்தே வரவேண்டும். அப்படியானால் ஏற்றவன் தள்ளினவனைப் பார்த்து, நான் உன்னைவிட மேலானவன் என்று சொல்லலாமே! "உன்னை விசேஷித்தவனாகும்படி செய்கிறவர் யார்?" என்று கொரிந்தியரைப் பார்த்துப் பவுல் கேட்டதை அகஸ்டின் தம் முதிர்ந்த வயதில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியதும் இதனால்தான்.

இதற்குப் பவுலே விடை சொல்கிறார். ரோமர் 3ஆம் அதிகாரத்தில், மேன்மைபாராட்டல் எங்கே என்று கேட்டு, அது நீக்கப்பட்டது என்று சொல்லி, எந்தப் பிரமாணத்தினாலே என்று மறுபடி கேட்டு, விசுவாசப் பிரமாணத்தினாலே என்று முடிக்கிறார். பெருமையை விலக்குவது, இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னதாகவே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறித்தலின் இரகசியம் என்று அவர் அங்கே சொல்லவில்லை; விசுவாசமே அதை விலக்குகிறது என்கிறார். ஏன்? விசுவாசம் என்பது தன்னிடம் எதுவும் இல்லை என்று கைவிரிப்பது. ஆலயத்தில் தூரத்தில் நின்று, கண்களை வானத்துக்கு ஏறெடுக்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் தன் ஜெபத்தைப் பற்றிப் பெருமைபாராட்டத் தொடங்கினால், அந்த நொடியிலேயே அவன் பரிசேயனாகிவிடுகிறான். ஆயக்காரனாயிருக்கிறவரை அவனுக்குப் பெருமைபாராட்ட எதுவுமில்லை. மேலும், இருவருக்குமிடையே உள்ள வித்தியாசத்தைத் தள்ளினவன் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும் என்பது என் துணிபு. கிருபை இருவரையும் இழுக்கிறது. ஒருவன் தன் சொந்தச் செயலால் அதை எதிர்த்து விலகுகிறான், மற்றவன் எதிர்க்காமல் விடுகிறான். கெட்டுப்போனவனின் கேட்டுக்கு அவனே காரணம், இரட்சிக்கப்பட்டவனின் இரட்சிப்புக்குத் தேவனே காரணம். லூத்தரன் சபைகள் 1577ல் ஏற்றுக்கொண்ட ஒற்றுமை வாய்ப்பாடு என்ற விசுவாச ஆவணம் இந்த இரண்டையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறது. மனந்திரும்புதல் முழுவதும் தேவனுடைய செயல் என்று சொல்லும் அதே ஆவணம், பரிசுத்த ஆவியை விடாப்பிடியாய் எதிர்க்கிறவன் மனந்திரும்பமாட்டான் என்றும் சொல்கிறது. மனித சித்தம் அடிமைப்பட்டது என்று 1525ல் அத்தனை உரத்துச் சொன்ன மார்ட்டின் லூத்தரின் வழிவந்தவர்களே கிருபை மறுக்கப்படக்கூடியது என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்றால், எதிரணி நிற்கும் இடம் எவ்வளவு குறுகலானது என்பது தெளிவாகும்.

லூத்தர் அந்த நூலை எழுதியது, அதற்கு முந்தைய ஆண்டு கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் சுயாதீன சித்தத்தை ஆதரித்து எழுதியதற்கு மறுமொழியாக. எராஸ்மஸின் அந்த நூலில் ஓர் உவமை உண்டு. இன்னும் நடக்கப் பழகாத குழந்தை விழுந்துவிடுகிறது. தகப்பன் தூக்கி நிறுத்தி, எதிரே ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார். குழந்தைக்கு ஓடவேண்டும் என்று ஆசை, கால்களில் வலுவில்லை. தகப்பன் கையைப் பிடித்துக்கொள்கிறார், ஒவ்வோர் அடியாக நடத்துகிறார், கடைசியில் ஆப்பிளைக் குழந்தையின் கையில் தாமே வைக்கிறார். தூக்காவிட்டால் குழந்தை எழுந்திருக்காது, காட்டாவிட்டால் ஆப்பிளைக் கண்டிருக்காது, பிடிக்காவிட்டால் நடந்திருக்காது, கொடுக்காவிட்டால் பெற்றிருக்காது. ஆனாலும் அந்தக் குழந்தை இழுத்துச் செல்லப்பட்ட பொம்மை இல்லை. ஆப்பிள் நடந்ததற்கான பரிசு என்று எராஸ்மஸ் சொல்லுமிடத்தில் நான் அவரோடு உடன்படமாட்டேன். அது எந்தப் பொருளிலும் கூலியாகாது. ஆனால் முழுவதும் தகப்பனுடையதாயிருந்தும் பிள்ளையைப் பிள்ளையாகவே நடத்துகிற ஒரு செயல் இருக்கமுடியும் என்பதை அவர் சரியாகவே கண்டிருக்கிறார்.

மூன்றாவது, குயவனும் களிமண்ணும். இந்த உருவகத்தை வழங்கியவர்களுள் எரேமியா இருக்கிறார். 18ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவரைக் குயவன் வீட்டுக்கு அனுப்புகிறார். வனைந்துகொண்டிருந்த பாண்டம் கையிலே கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணை வேறே பாண்டமாக வனைகிறான். அந்தக் காட்சிக்குக் கர்த்தர் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது: நான் பிடுங்குவேன், இடிப்பேன் என்று சொன்ன ஜாதி தன் தீங்கைவிட்டுத் திரும்பினால், நானும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யாமல் மனம் மாறுவேன். களிமண்ணின் திருப்பத்துக்குக் குயவன் இணங்கி வனைகிறான் என்பதே எரேமியா அந்த வீட்டில் கற்றுக்கொண்டது. பவுல் இதை அறியாதவர் இல்லை. அவர் 9ஆம் அதிகாரத்தோடு நிறுத்தவுமில்லை. 10ஆம் அதிகாரத்தின் முடிவில், கீழ்ப்படியாத ஜனங்களிடத்துக்கு நாள்முழுதும் கைகளை நீட்டிய தேவனை ஏசாயாவின் சொற்களில் காட்டுகிறார். 11ஆம் அதிகாரத்தில், முறிக்கப்பட்ட கிளைகள் அவிசுவாசத்திலே நிலைத்திராவிட்டால் மறுபடியும் ஒட்டவைக்கப்படும் என்கிறார். நிற்கிற கிளையைப் பார்த்து, மேட்டிமைச்சிந்தையாயிராமல் பயந்திரு என்கிறார். அந்த நீண்ட வாதத்தின் முடிவு எங்கே வந்து நிற்கிறது? "எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக" என்ற இடத்தில். 9ஆம் அதிகாரத்தை மட்டும் அறுத்தெடுத்து ஒரு கோட்பாடு கட்டினால், பவுல் ஏறிமுடித்த படிகளில் நடுப்படியில் நாம் நின்றுவிடுகிறோம்.

அகஸ்டினை எதிரணி தன் சாட்சியாக நிறுத்தியது. அவருடைய முதிர்ந்த எழுத்துகள் பெரும்பாலும் அவர்கள் பக்கமே சாய்கின்றன என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனாலும் அவர் தம் சபையாருக்குச் செய்த பிரசங்கம் ஒன்றில், நீ இல்லாமல் உன்னைப் படைத்தவர், நீ இல்லாமல் உன்னை நீதிமானாக்குவதில்லை என்றார். கோட்பாட்டு நூல் எழுதும்போது ஒருவிதமாகவும், முன்னே உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசும்போது வேறுவிதமாகவும் அவர் பேசினார் என்றால், அவர்களைப் பொறுப்புள்ளவர்களாக அழைக்காமல் சுவிசேஷத்தைச் சொல்லவே முடியாது என்பதை ஆயராக அவர் அறிந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன்.

மனித சித்தத்துக்கு வேலையே இல்லை என்று எதிரணித் தலைவர் சொன்னாரே, அதற்கு இன்னும் ஆழமான ஒரு மறுமொழி உண்டு. அது கெத்செமனேயில் இருக்கிறது. "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று இயேசு ஜெபித்தார். 7ஆம் நூற்றாண்டில் பேரரசும் கான்ஸ்டான்டினோப்பிளின் தலைமை ஆயர்களும், கிறிஸ்துவில் தேவ சித்தம் ஒன்றே உண்டு, தனியான மனித சித்தம் இல்லை என்று சபைகளை இணக்கப்படுத்தப் பார்த்தார்கள். அதை எதிர்த்தவர் மாக்சிமஸ் என்ற துறவி. தேவகுமாரன் மனித சித்தத்தைத் தரித்துக்கொள்ளாதிருந்தால், நம்முடைய சித்தம் குணமாக்கப்படாமலே இருந்திருக்கும் என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. முதன்முதல் பாவம் செய்தது மனித சித்தம். ஆகவே கீழ்ப்படிந்து குணமாகவேண்டியதும் மனித சித்தமே. அந்த முதியவரின் நாவை அறுத்தார்கள், வலதுகையை வெட்டினார்கள், கருங்கடலுக்குக் கிழக்கே நாடுகடத்தினார்கள். 662ல் அங்கேயே இறந்தார். 680ஆம் ஆண்டு தொடங்கி 681 வரை கூடிய ஆறாம் பொதுச்சங்கம், கிறிஸ்துவில் தேவ சித்தமும் மனித சித்தமும் உண்டு என்று அறிக்கையிட்டபோது, மாக்சிமஸ் எதற்காக நாவை இழந்தாரோ அந்தப் போதனையே நிலைபெற்றது. கிறிஸ்துவின் மனித சித்தம் தவறியிருக்கவே முடியாதே, அதைக்கொண்டு எங்கள் சித்தம் மறுக்கமுடியும் என்று எப்படி நிறுவுவாய் என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்வி, அவ்வளவு தூரம் நான் இந்தச் சான்றை இழுக்கவில்லை. மனுக்குலத்தின் மீட்பே ஒரு மனித சித்தத்தின் சம்மதத்தின் வழியாக, அதுவும் இரத்தத்தின் பெருந்துளிகளாக வேர்வை விழுந்த வியாகுலத்தின் வழியாக நடந்தேறியது என்பது மட்டுமே என் கூற்று. அதற்கு வேலையே இல்லை என்ற வாக்கியத்தை எதிரணி திரும்பப் பெறவேண்டும்.

அவர்கள் திரும்பப் பெறுவார்கள் என்றே நம்புகிறேன். ஏனென்றால் அவர்களுடைய சிறந்த ஆவணங்களே அப்படிச் சொல்லவில்லை. ஆர்மீனியஸின் நண்பர்களுடைய ஐந்து கூற்றுகளை மறுத்து, 1618 நவம்பர் முதல் 1619 மே வரை நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சங்கத்தின் தீர்மானங்கள், கிருபை மனிதரை மரக்கட்டைகளைப்போல நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை, பலவந்தம் செய்வதில்லை, உயிர்ப்பித்துக் குணமாக்கித் திருப்புகிறது என்கின்றன. இங்கிலாந்தில் கால்வினின் வழிவந்தவர்கள் எழுதிய வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, கிருபையினால் மனமுள்ளவர்களாக்கப்பட்டு மிகவும் சுயாதீனமாய் வருகிறார்கள் என்கிறது. இதுவே எதிரணியின் கடைசிக் கோட்டை. வலிமையானதுதான். மனமில்லாதவனை இழுத்துவருவதாக அவர்கள் சொல்லவில்லை, மனதையே மாற்றுவதாகச் சொல்கிறார்கள். நல்லது, அந்த மனமாற்றத்தை எவருக்கும் தவறாமல் தரக்கூடியவர் தேவன் என்றால், கேள்வி இப்போது மனிதனை விட்டு தேவனிடம் போகிறது. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படச் சித்தமுள்ளவர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபம் யாரைச் சொல்கிறதோ அவர், துன்மார்க்கன் மரணத்தை நான் விரும்புகிறதில்லை என்று எசேக்கியேலிடம் சொன்னவர், அதை ஏன் எல்லாருக்கும் தரவில்லை? வெளிப்படுத்தின சித்தம் ஒன்று, மறைந்த சித்தம் வேறொன்று என்ற பதில் வரும். அப்படியானால், கிறிஸ்துவின் முகத்தில் நாம் கண்டது தேவனுடைய கடைசி மனது இல்லையா? என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான் என்று பிலிப்புவுக்குச் சொல்லப்பட்டதற்குப் பின்னால் வேறொரு பிதா இருக்கிறாரா? எதிரணியின் கோட்பாட்டை என்னால் ஏற்க முடியாமற்போனது இந்த இடத்தில்தான். கால்வினே முன்குறித்தல் என்ற இந்தத் தேவ தீர்மானம் நடுங்கச்செய்வது என்று தம் பெருநூலில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன்.

டார்ட் சங்கத்துக்குப்பின் ஆர்மீனியஸின் அணியைச் சேர்ந்த ஏறக்குறைய 200 போதகர்கள் பதவியிழந்ததையும், அந்த அணிக்கு ஆதரவாயிருந்த ஓல்டன்பார்னவெல்ட் என்ற அரசியல் தலைவர் அதே மே மாதம் தலைவெட்டுண்டதையும் வரலாறு அறிந்தவர்கள் இங்கே எழுப்பக்கூடும். அதை நான் எதிரணிக்கு எதிரான வாதமாக்கமாட்டேன். அரசின் வாள் எல்லா அணிகளின் கையிலும் இருந்திருக்கிறது. இதே கேள்வியில் கத்தோலிக்கத் துறவற சபைகளான டொமினிக்கரும் இயேசு சபையாரும் ரோமாபுரியில் ஆண்டுக்கணக்காக வாதாடியபோது, 1607ல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் எவருக்கும் வெற்றி தராமல், ஒருவரையொருவர் சபிக்காதிருங்கள் என்று அனுப்பிவைத்தது மேலான வழி.

கடைசியாக, பிரசங்கத்தைப் பற்றி ஒன்று கேட்கவேண்டும். வெஸ்லி 1739ல் முன்குறித்தலை எதிர்த்துப் பிரசங்கித்து அச்சிட்டபோது, அவருடைய நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் அதற்குக் கடிதமாக மறுப்பெழுதினார். பிளவு நேர்ந்தது, ஆனாலும் 1770ல் விட்ஃபீல்ட் மறைந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லியே. முன்குறித்தலை நம்பிய விட்ஃபீல்ட் திறந்த வெளிகளில் எண்ணற்ற மக்களை அழைத்தவர். தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் யார் என்று பிரசங்கிக்குத் தெரியாது, ஆகவே எல்லாரையும் அழைக்கிறோம் என்பது அவர் தரப்பு விளக்கம். பிரசங்கியைப் பொறுத்தவரை அது போதுமானது. ஆனால் அந்த அழைப்பு பிரசங்கியின் அழைப்பு மட்டுமா? சுவிசேஷத்தால் அழைக்கப்படுகிற யாவரும் மெய்யாகவே அழைக்கப்படுகிறார்கள் என்று டார்ட் தீர்மானமே சொல்கிறது. அழைக்கிற தேவனுக்குத் தெரியுமே! கூட்டத்தில் நிற்கும் ஒருவனுக்கு வரும் சக்தியைத் தருவதில்லை என்று தீர்மானித்துவிட்டு, அவனைப் பார்த்து வா என்று தேவன் சொல்லும்போது, அந்த அழைப்பு எப்படி மெய்யானதாகும்? அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி அன்பர் தம் நேரத்தில் வேறு எதை விட்டாலும் இந்தக் கேள்விக்கு விடை தரவேண்டும் என்று நடுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி.